மரத்தின் பின்நின்று நோக்கல்: ஹினாட்டா வழக்கு பற்றிய ஓர் ஆய்வு

மசாஷி கிஷிமோட்டோ எழுதி வரைந்து, 1999 செப்டம்பர் முதல் 2014 நவம்பர் வரை ‘வாராந்திர ஷோனென் ஜம்ப்’ இதழில் 700 அத்தியாயங்களாக வெளிவந்த ‘நருட்டோ’ என்னும் மங்காவிலும், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலும், அதிலிருந்து பிறந்த அனிமேத் தொடர்களிலும், ஹினாட்டா ஹ்யூகா என்ற பெண் மரத்தின் பின்னாலோ கம்பத்தின் பின்னாலோ சுவர் மூலையிலோ பாதி முகம் மட்டும் தெரிய நின்றபடி கதைத்தலைவன் நருட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. அவள் நாணம் மிகுந்தவள்; பேச வாயெடுத்தால் சொல் தடுமாறும்; இரு சுட்டுவிரல் நுனிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்; அவன் நெருங்கி வந்து முகத்தருகே முகம் வைத்து விசாரித்தாலோ நினைவு தப்பி விழுந்துவிடுவாள். வாசகர் இதைக் கண்டு உருகுவதே வழக்கம். ஆயினும் இதே காரியத்தை நாணமும் அழகும் வாய்க்காத வேறொருவர் செய்திருந்தால், உருகியிருப்பார்களா, காவல் நிலையத்துக்குப் போன் செய்திருப்பார்களா என்ற ஐயம் எழாமல் போகாது. இவ்வையம் அற்பமானது என்று ஒதுக்கப்பட்டுவந்ததாலேயே இதுவரை தீராமல் கிடக்கிறது. ஆகவே அதற்குத் தகாத அளவு கனத்தோடு அதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒருதலையாக நினைந்து உருகுவதை ஜப்பானியர் ‘கதாஓமோய்’ என்பர். ‘கதா’ என்பது இரண்டில் ஒரு பக்கம், ‘ஓமோய்’ என்பது நினைப்பு. தமிழ் இலக்கணம் இதற்குக் கைக்கிளை என்று பெயரிட்டு, பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை வழியே ஆண்பாற் கைக்கிளை, பெண்பாற் கைக்கிளை என்று பிரித்தும் வைத்திருக்கிறது. அனிமே ரசிகர் வழக்கில், வாய்மூடி நின்று மனத்துக்குள் உருகும் பாத்திரம் ‘டன்டெரே’ எனப்படும். ‘டன்மரி’ என்னும் மௌனமும் ‘டெரெடெரே’ என்னும் குழைவும் சேர்ந்த கூட்டுச்சொல் அது. அதே குழைவோடு நோய்மை சேர்ந்தால் ‘யன்டெரே’. பின்னதற்குச் சகாயே எசுனோவின் ‘மிராய் நிக்கி’ மங்காவில் வரும் யூனோ கசாய் நல்ல சான்று: அவளுடைய கைப்பேசி நாட்குறிப்பு அவள் காதலன் என்ன செய்கிறான் என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும். ஹினாட்டா குறிப்பெடுப்பவள் அல்லள். அவளிடம் அட்டவணை இல்லை, படம் இல்லை, கோப்பு இல்லை. ஆனால் குறிப்பெடுக்காத காரணத்தால் மட்டும் ஒருவர் குற்றமற்றவராகிவிடுவார் என்றால் சோம்பேறிகள் அனைவரும் நிரபராதிகளே. எனவே சட்டத்தை நாட வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் இதற்கெனத் தனிச்சட்டம் உண்டு. 1999 அக்டோபரில், நருட்டோ மங்கா தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, சைதாமா மாகாணத்தின் ஓகெகாவா ரயில் நிலையத்தருகே ஒரு கல்லூரி மாணவி கொல்லப்பட்டார்; அதற்கு முன் அவர் காவல்துறையிடம் முறையிட்டும் பயன் கிடைக்கவில்லை. அந்தக் கொலையின் விளைவாக 2000 மே மாதம் நிறைவேறி, நவம்பரில் நடைமுறைக்கு வந்ததே ஸ்டாக்கர் ஒழுங்குமுறைச் சட்டம். இந்த ஒரு செய்தியில் கேலிக்கு இடமில்லை. கட்டுரையின் மற்றப் பகுதிகளில் உண்டு. சட்டம் தண்டிக்கும் செயல்களுள் ‘ட்சுகிமதோய்’ முதன்மையானது. ஒட்டிக்கொண்டு சுற்றுவது என்பது சொற்பொருள். பின்தொடர்தல், வழிமறித்தல், வீடு பள்ளி பணியிடம் ஆகியவற்றின் அருகே நின்று கண்காணித்தல், கண்காணிக்கப்படுவதாக உணரும்படி எதையாவது சொல்லுதல், விருப்பமில்லாதவரைச் சந்திக்கச் சொல்லி வற்புறுத்துதல் என்று அப்பட்டியல் நீளும். இவற்றுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: செயலின் நோக்கம் காதலோ வேறு வகை விருப்பமோ, அது நிறைவேறாத வெறுப்போ ஆக இருக்க வேண்டும், மேலும், திரும்பத் திரும்பச் செய்யும் கண்காணிப்பு முதலியவை தண்டனைக்குரியனவாக வேண்டுமெனில், பார்க்கப்படுபவருக்குத் தம் உடலின் பாதுகாப்பு, வீட்டின் அமைதி, மானம், நடமாட்டச் சுதந்திரம் ஆகியவை பற்றிய அச்சம் எழும் வகையில் அவை அமைந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்கு ஓராண்டுச் சிறை வரை, அல்லது பத்து இலட்சம் யென் அபராதம் வரை விதிக்கலாம்.

ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதினான்கு வயது நிரம்பாதவரின் செயலுக்குத் தண்டனை இல்லை. கதையின் முதற்பகுதியில் ஹினாட்டாவுக்குப் பன்னிரண்டு வயதே. வழக்கை இங்கேயே முடித்துக் கோப்பைக் கட்டிவிடலாம். ஆனால் வயதைக் காட்டித் தப்புவிப்பது அவளுடைய நல்லெண்ணத்துக்கே இழுக்கு என்பதால், விசாரணை தொடர்கிறது.

அவளுக்கு எதிரான சான்றுகளுள் வலிமையானது அவளுடைய கண். ஹ்யூகா குலத்தார்க்கு ‘பியாகுகன்’, அதாவது வெண்விழி, பிறவியிலேயே வாய்க்கும். அது சுவரை ஊடுருவும், தொலைவைக் கடக்கும், கழுத்துக்குப் பின்னால் ஒரு சிறு கோணம் தவிர நாற்புறமும் காணும். இத்தகைய கண் உடையவள் ஒருவனை விரும்பினால் அவனுக்குத் தனிமை என்ற ஒன்று மிஞ்சுமா என்று அரசுத் தரப்பு கேட்கலாம். சட்டப்படி இது சிக்கலான கேள்வி. 2020 ஜூலையில் ஜப்பான் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய காரில் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தித் தொலைவிலிருந்து இருப்பிடம் அறிவது ‘மிஹாரி’, அதாவது கண்காணித்தல், ஆகாது என்றும், அச்சொல் அவருடைய வீடு முதலிய இடங்களின் அருகிலிருந்து பார்ப்பதையே குறிக்கும் என்றும் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஜிபிஎஸ் ஓட்டையை அடைத்தது. வெண்விழி கருவியன்று, குலச்சொத்து என்பதால் அந்த ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறு. வெண்விழியை இயக்கினால் கண்ணைச் சுற்றி நரம்புகள் புடைத்துத் தெரியும். மரத்தின் பின்னால் நிற்கும் ஹினாட்டாவின் முகத்தில் நரம்பு புடைப்பதில்லை, கன்னம்தான் சிவக்கிறது. அவள் வேவு பார்க்க எண்ணியிருந்தால் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே பார்த்திருக்கலாம். சுவரையே ஊடுருவக்கூடியவளுக்கு மரம் எதற்கு? மரம் பார்ப்பதற்கு வாகான இடமாக அவளுக்குத் தேவைப்படவில்லை. தன்னை அவன் பார்க்காதிருப்பதற்கே தேவைப்பட்டது. ஒளிந்து பார்ப்பவரும் பார்த்து ஒளிபவரும் ஒரே மரத்தடியில் நின்றாலும் வெவ்வேறு இனத்தவர் என்னும் இவ்வுண்மையை இதுவரை ஒருவரும் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

இடத்தின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். கதை நிகழும் நிஞ்சா ஊரின் பெயர் கோனோஹாகாகுரே, இலைமறைவு ஊர். இலைமறை காயாக நிற்பது அங்கே குடிமைப் பண்பு. நிஞ்சாக்களின் பதவி உயர்வுக்கான சூனின் தேர்வின் எழுத்துத்தாளே, பிறர் விடையைப் பிடிபடாமல் திருடத் தெரிகிறதா என்பதைச் சோதிப்பதற்காக அமைக்கப்பட்டது. அந்தத் தேர்வில் நருட்டோவின் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த ஹினாட்டா தன் தாளைக் காட்ட முன்வந்தாள், அவன்தான் மறுத்தான். அவள் சேர்ந்திருந்த எட்டாம் அணியோ, மோப்பத்துக்குக் கிபாவும் அவனுடைய நாயும், பூச்சிகளை ஏவி உளவறிய ஷினோவும் அமைந்த தேடுதல் படை. ஒளிந்து பார்ப்பதையே படிப்பாகவும் பிழைப்பாகவும் கொண்ட ஊரில் ஒருத்தி ஒளிந்து பார்த்தாள் என்பது, மீனவர் குப்பத்தில் ஒருத்தி வலை வைத்திருந்தாள் என்பது போன்ற குற்றச்சாட்டு. சட்டத்தின் விசித்திரத்தையும் இங்கே குறிப்பிடலாம்: கொல்லும் நோக்கில் ஒருவனைத் தொடரும் நிஞ்சா இச்சட்டத்தின்கீழ் ஸ்டாக்கர் ஆகமாட்டார், விருப்பத்தோடு தொடர்பவரே ஆவார். பெண்கள் குளிக்கும் இடத்தை எட்டிப் பார்த்து அதற்குத் தகவல் திரட்டல் என்று பெயர் சூட்டும் ஜிராயாவை அதே ஊர் பெருஞ்சான்றோராகக் கொண்டாடுகிறது. ஆய்வு என்னும் சொல்லுக்கு உள்ள பாதுகாப்பு அத்தகையது என்பதை ஆய்வுக்கட்டுரைகள் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒப்புதல் வாக்குமூலம். 437-ஆம் அத்தியாயத்தில், பெயின் என்னும் பகைவன் நருட்டோவை நிலத்தோடு அறைந்து கிடத்தியிருக்கையில், தோற்பது உறுதி என்று தெரிந்தே குறுக்கே வந்து நிற்கும் ஹினாட்டா, தான் எப்போதும் அவனைத் துரத்தி வந்ததாகத் தன் வாயாலேயே சொல்கிறாள். அரசுத் தரப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவள் பயன்படுத்திய ‘ஓயிகாகேரு’ என்னும் வினை, ஆளைத் துரத்துவதற்கு மட்டுமன்றி, முன்னே செல்பவரை எட்டிப்பிடிக்க முயல்வதற்கும் உரியது. அவனுக்கு இணையாக நடக்க விரும்பியதாகவும் அவள் உடனே சேர்த்துச் சொல்கிறாள். பின்தொடரும் குற்றவாளி முன்னே செல்பவரை நிறுத்தப் பார்ப்பார். இவள் தன் நடையை விரைவாக்கப் பார்த்தாள். மேலும், சட்டம் திரும்பத் திரும்பச் செய்தலைக் கேட்கிறது. 700 அத்தியாயங்களில் ஒரே ஒருமுறை காதலைச் சொன்னவளை எந்த நீதிபதியும் விடாக்கண்டன் என்று கூறமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது, பார்க்கப்பட்டவனின் நிலை. சட்டம் பார்ப்பவரின் மனத்தில் தொடங்கி, பார்க்கப்படுபவரின் அச்சத்தில் முடிகிறது. ஆகவே நருட்டோ அஞ்சினானா என்பதே தீர்க்கும் கேள்வி. தேர்வின் இறுதிச் சுற்றுக்குச் செல்லும் காலையில், பயிற்சிக் களத்துக் கட்டையின் பின்னால் ஒளிந்திருந்த ஹினாட்டாவை அவன் கண்டுபிடித்துவிடுகிறான்; அவளை மந்தமான, விசித்திரமான பெண் என்று இதுவரை நினைத்திருந்ததாகவும், ஆனால் அவளைப் போன்றவர்களைத் தனக்குப் பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டு ஓடுகிறான். அச்சத்தின் சாயல் அதில் இல்லை. அதற்குக் காரணம் அவனுடைய வரலாற்றில் உள்ளது. ஒன்பது வால் நரி அவன் வயிற்றுக்குள் அடைக்கப்பட்டிருந்ததால் ஊரார் அவனைக் கண்டும் காணாதவர்போல் முகம் திருப்பினர். யாராவது தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவன் தலைவர்களின் கற்சிலை முகங்களில் சாயம் பூசினான். பிறருக்கு மிகையான பார்வையே துன்பம், இவனுக்குப் பார்வை இன்மையே துன்பம். ஜப்பானிய மொழி இவ்வேற்றுமையை ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்களாகப் பிரித்துக் காட்டுகிறது: ‘மிஹாரி’ என்றால் தப்பவிடாமல் பார்த்தல், ‘மிமாமோரி’ என்றால் கேடு வராமல் பார்த்தல். ஊர் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது மரத்தின் பின்னால் திறந்திருந்த ஒரு கண்ணை மிஹாரி என்பது மொழிக்கே செய்யும் அநீதி. ஆனால் இந்த வாதம் இவனுக்கு மட்டுமே பொருந்தும். பார்வையால் அஞ்சும் வேறொருவர்முன் அதே மரம், அதே நாணம், அதே பாதி முகம் இருந்தாலும் வேறு தீர்ப்பே எழுத வேண்டியிருக்கும் என்பதை இளம் வாசகர் குறித்துக்கொள்வது நல்லது.

எதிர்வழக்கு ஒன்றும் பதிவாகியிருக்கிறது. முதல் அனிமேத் தொடரில், மங்காவில் இல்லாத கிளைக்கதை ஒன்றில், இரவில் அருவியருகே தனியாகப் பயிற்சி செய்யும் ஒரு பெண்ணை நருட்டோ மறைந்து நின்று பார்க்கிறான். அவள் ஹினாட்டா என்பது அவனுக்குத் தெரியாது. இது சிறு பிழை. பெரிது, அவன் தோழன் சாசுகேயின் விவகாரம். ஊரை விட்டு வெளியேறி, உறவை முறித்துக்கொண்டதாகப் பலமுறை அறிவித்த ஒருவனை, நருட்டோ ஆண்டுக்கணக்கில் மறைவிடம் மறைவிடமாகத் தேடிச் சென்று, திரும்பி வரும்படி வற்புறுத்தினான். விருப்பமில்லாதவரைச் சந்திக்க வற்புறுத்தல், இருப்பிடம் தேடிச் செல்லுதல், திரும்பத் திரும்பச் செய்தல் என எல்லாக் கூறுகளும் உள்ளன. சட்டம் காதலை மட்டும் கூறாமல் வேறு வகை விருப்பத்தையும் சேர்த்திருப்பதால், அது நட்புதான் என்ற வாதமும் எடுபடுவது கடினம்.

ஹினாட்டா மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை, அவள் விடுவிக்கப்படுகிறாள். 2014 டிசம்பர் 6 அன்று வெளியான ‘தி லாஸ்ட்’ திரைப்படத்தின் முடிவில் அவள் நருட்டோவையே மணந்துகொள்வதால், முறையீட்டாளர் என்று ஒருவரும் எஞ்சவில்லை. நருட்டோ மீதான வழக்கு, அவன் ஏழாம் ஹொகாகேயாக ஊரின் தலைமைப் பதவியில் அமர்ந்திருப்பதை முன்னிட்டு, காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறது.