இயக்கி உண்டு, இயக்கம் இல்லை: குன்றத்தூர்க் கள ஆய்வு

1. ஆய்வுப் பொருள்
குன்றத்தூரில் அக்கா வீட்டு மாடியறையில் பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 11 லினக்ஸ் ஏற்றப்பட்டது. படம் வந்தது, பாட்டு வந்தது, வைஃபை வரவில்லை. வராமைக்குக் காரணம் காண்பதே இவ்வாய்வு. வைஃபை கார்டைச் செய்த நிறுவனத்தின் பெயர் அவை நாகரிகம் கருதி விடப்பட்டது.

2. சொல்லாராய்ச்சி
கார்டை ஓட்டும் மென்பொருளாம் டிரைவரைக் கணினித் தமிழர் 'இயக்கி' என்பர். இச்சொல் பழையது. இயக்கி என்பவள் யட்சி. தென்மாவட்டங்களில் அவளே இசக்கி என மருவி அம்மனானாள். உரிய படையல் வைக்காதவரை இரங்காமை இருவர்க்கும் பொது.

3. பிறர் கொள்கை
மாமா, "ரவுட்டர் போச்சு" என்றார். அது பொருந்தாது. என்னை? அதே ரவுட்டரில் அக்காவின் போன் சீரியல் காட்டிக்கொண்டிருந்தமையின். அக்கா, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடா" என்றாள். மும்முறை செய்தும் பயனில்லை.

4. சான்று
'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையால் கேட்க, கார்டு இருப்பது தெரிந்தது. கார்டுகளுக்கும் கோத்திரம் உண்டு. செய்தவர் இன்னார் எனக் காட்டும் எண் அது. இன்டெலின் கோத்திரம் 8086: 1978இல் அவர்கள் வெளியிட்ட சிப்பின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். அடுத்து 'எல்எஸ்மோட்'; இயக்கியும் ஏறியிருந்தது. கடைசியாகக் கணினியின் நடப்புப் பதிவைக் காட்டும் 'டிமெஸ்ஜி'யில் அகப்பட்டது அந்த வரி: ஃபெர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, (-2).

'-2' என்றது, "ரெண்டு புள்ளி சிக்னல் கம்மி" என்பது மாமா உரை. 'அப்படியொரு ஃபைல் இல்லை' என்பதே மெய்யுரை.

5. விளக்கம்
இயக்கி ஓடுவது கணினியின் பிராசசரில். கார்டுக்குள் தனியே ஒரு குட்டி பிராசசர் உண்டு. அதற்கு ஞாபகம் போதாது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அதன் பாடத்தை மறுபடி ஊட்ட வேண்டும். அப்பாடமே ஃபெர்ம்வேர். குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்க்கு இது எளிதில் விளங்கும்: டிரைவர் சீட்டில்தான் இருக்கிறார், கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை.

மூலநிரல் தரப்படாத ஃபெர்ம்வேர் கட்டற்றதன்று எனக் கொண்டு டெபியன் அதை நெடுநாள் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. 2022இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் சேர்த்தார்கள். என் பென் டிரைவில் கிடந்ததோ 11. ஆகவே நெட் வர ஃபைல் வேண்டும். ஃபைல் நெட்டில் இருக்கிறது.

6. முன்னோர் நெறி
இச்சிக்கல் இவ்வூர்க்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்த சேக்கிழார் அறுபத்துமூவர் வரலாறு பாடத் தில்லையில் அமர்ந்தபோது, புலமை இருந்தும் தொடக்கம் அமையவில்லை. முதற்சொல்லை நடராசரே அசரீரியாய் எடுத்துக்கொடுத்தார் என்பது மரபு. இயக்கி உள்ளிருப்பினும் முதற்சொல் வெளியிலிருந்தே வரவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

7. செய்முறையும் முடிவும்
அக்காவின் போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, யுஎஸ்பி டெதரிங் போட்டேன். நெட் வந்தது. மென்பொருள் பட்டியலில் 'நான்-ஃப்ரீ' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, ஃபெர்ம்வேரை இறக்கி, 'மோட்ப்ரோப்' கட்டளையால் இயக்கியை இறக்கி ஏற்ற, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. சேக்கிழாருக்கு வந்தது அசரீரி. எமக்கு வந்தது கேபிள் வழி ஆதலின், சரீரி என்க.

ஆய்வின் பயன் யாது எனின், அக்கா போனைப் பிடுங்கிப் பார்த்துச் சொன்னதே முடிவுரை: "பரவாயில்லடா, நீ ஆராய்ச்சி பண்ண நேரத்துல இது ஃபுல் சார்ஜ் ஆயிடுச்சு."