நாற்பது சீட்டுப் பூதம்

யூ-கி-ஓ சீட்டாட்டத்தில் எக்ஸோடியா என்றொரு பூதம். தலை, இரு கை, இரு கால் என ஐந்து சீட்டும் கையில் சேர்ந்தால் அந்த நொடியே வெற்றி. எதிராளி என்ன செய்கிறான் என்று பார்க்கவே வேண்டாம்; நம் வேட்பாளர்களுக்கு ஏற்ற ஆட்டம்.

வெலிமடையில் அக்கா மகன் இந்தப் பூதத்துக்காகத் தன் சீட்டுக்கட்டைச் செப்பனிடுகிறான். 60 சீட்டு வரை வைக்கலாம். அவன் குறைந்தபட்சமான 40க்கு இறக்கிவிட்டான். பூதத்தின் ஐந்து போக மீதியில் பெரும்பகுதி, சீட்டு இழுக்க உதவும் சீட்டுகள். இரண்டு இழுக்கவிடும் ‘பாட் ஆஃப் கிரீட்’ தடைப்பட்டியலில் கிடக்கிறது. 2021இல் அரசு இரசாயன உரத்தை நிறுத்தியபோது உருளைக்கிழங்குக்காரருக்கு வந்த அதே கோபம் அவனுக்கு.

முன்னறையில் பெரிசுகள் சாதாரணச் சீட்டுக்கட்டில் ஓமி ஆட்டம் போடுகிறார்கள். இரண்டு முதல் ஆறுவரை 20 சீட்டை எந்தக் காலத்திலோ கழித்தாயிற்று. மிச்சம் 32. முதல் நாலைப் பார்த்தே துரும்பு சொல்லிவிடலாம்.

“இதில பூதம் எங்க மாமா?” என்கிறான்.