பூட்டுப் போட்ட குப்பைப் பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அனுப்பின படத்தைப் பாத்திட்டு, "கண்ணைச் சுத்திக் கரி பூசிக்கொண்டு வேலியிலை குந்தியிருக்கிறது மரநாயோ, இல்லாட்டி உன்ரை வீட்டுக்காரனோ?" எண்டு கேட்டிருந்தியள். வீட்டுக்காரன் இதைவிட மெலிவு. இது ரக்கூன். பூனையைவிடப் பெரிசு, வாலிலை வளையம் வளையமாய்க் கறுப்பு, முன்னங்கை மட்டும் சின்னப்பிள்ளையின்ரை கை மாதிரி.

இரவு வேலை முடிஞ்சு விடியப்புறம் பஸ்ஸாலை இறங்கி வரேக்கை வேலியிலை இருக்கும். நான் எத்தினை மணிக்கு வருவன் எண்டு அதுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ரை பேரே தெரியாது. ரொறொன்ரோவிலை, இந்த ஸ்காபரோப் பக்கம் ஒருத்தர் வீட்டை போறதெண்டால் முன்கூட்டியே ஃபோன் எடுத்து நேரம் கேக்கவேணும். எங்கடை ஆக்களும் அப்பிடியே ஆகிட்டினம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறது இந்த நாலுகால் ஆக்கள் மட்டுந்தான். அதாலை ஒண்டைக் கண்டால் எனக்கு அண்டைக்கு நித்திரையும் வராது, அவ்வளவு புளுகம்.

நகரசபைக்கு மட்டும் ரக்கூனோடை தீராத வழக்கு. சமையல் கழிவு போட வீட்டுக்கொரு பச்சைப் பெட்டி தந்திருக்கினம். கிழமைக்கு ஒருக்கா லொறி வந்து எடுக்கும். மீன்தலை, எலும்பு எல்லாம் அதுக்குள்ளைதான். பழைய பெட்டியை ரக்கூன் திறந்து பந்தி நடத்திப்போட்டு, மிச்சத்தை ரோட்டிலை பரப்பிவிட்டுப் போகும். பொறுக்கமாட்டாமல் 2015இல் மேயர் ஜோன் டோரி பூட்டுப் பெட்டி வருகுதெண்டு அறிவிச்சார். செலவு 31 மில்லியன் டொலர். சிரிக்காதேங்கோ, குப்பைப் பெட்டிக்குத்தான். 2016 தொடக்கம் வீடு வீடாய்க் குடுத்தவை.

பூட்டெண்டால் திறப்பு ஒண்டும் இல்லை. மூடியிலை ஒரு கைபிடி, திருகினால் திறக்கும். ரக்கூனின்ரை பெருவிரல் எங்கடையைப்போல மற்ற விரலுக்கு எதிரை மடியாது, அதாலை அதுக்குத் திருக ஏலாதாம். ரக்கூனிட்டையே குடுத்துச் சோதினையும் வைச்சவை: அது பெயில், பெட்டி பாஸ். லொறியின்ரை இயந்திரக் கை தூக்கிக் கவிழ்க்கேக்கை மட்டும் பூட்டுத் தானாய் விடும். அப்பிடியும் பெட்டியை விழுத்தித் திறந்த கெட்டிக்காரர் இருக்கினம். 2018இல் அந்தக் கதை பேப்பரிலை வந்தது.

இப்ப என்ரை பாட்டைக் கேளுங்கோ. தை மாசம், மைனஸ் 15. கையுறை போட்டால் பெருவிரலும் ஒண்டுதான், சுண்டுவிரலும் ஒண்டுதான். திருகினால் வழுக்கும். கழட்டினால் விரல் விறைச்சு மரக்கட்டை. காலமை ஏழு மணிக்கு முந்திப் பெட்டி ரோட்டோரம் நிக்கவேணும். அந்தக் குளிருக்கு ரக்கூன் வெளிக்கிடாது, பொந்துக்குள்ளை சுருண்டு படுத்திருக்கும். ஆக, அப்பிடியான நாளிலை 31 மில்லியன் டொலர் பூட்டு மறிச்சுக்கொண்டு நிக்கிறது என்னை ஒருத்தனைத்தான். பெருவிரல் இருந்தும் பிரயோசனமில்லை எண்டு மனிசி சொல்லுறாள். பிள்ளையள் யன்னலாலை வீடியோ எடுக்குதுகள்.

சனத்துக்கு ரக்கூனைப் பிடிக்காதெண்டு நினைக்காதேங்கோ. அதே 2015 ஆடியிலை யங் வீதியிலை ஒண்டு செத்துக் கிடந்தது. நகரசபை ஆக்கள் எடுக்க வரப் பிந்திப்போச்சு. அதுக்கிடையிலை சனம் கொன்றாட் எண்டு பேர் வைச்சு, பூ வைச்சு, மெழுகுதிரி கொழுத்தி, பிறேம் போட்ட படமும் வைச்சிட்டினம். அத்தான் நான் கதை விடுறன் எண்டுவார். உண்மையாய் நடந்தது. எங்கடை ஆக்கள் ஆரும் செத்தால், சனி ஞாயிறு பாத்துச் செத்தால்தான் செத்த வீட்டுக்குச் சனம் வரும். அது வேறை கதை.

அத்தானுக்கு இன்னொண்டு சொல்லவேணும். புரட்டாதி, ஐப்பசியிலை ஒன்ராறியோ ஏரியிலை இருந்து சால்மன் மீன் முட்டையிட ஹைலண்ட் கிறீக் ஆத்துக்குள்ளை ஏறும். நாங்கள் ரின்னிலை கண்ட சாமானில்லை, முழுக்கை நீளத்திலை உயிரோடை. சில இடத்திலை தண்ணி காணாமல் முதுகு வெளியிலை தெரியும், சளக் சளக்கெண்டு அடிச்சு ஏறுங்கள். எங்கடை ஆக்கள் பாலத்திலை நிண்டு குழம்போ பொரியலோ எண்டு முடிவெடுத்துக்கொண்டிருக்கினம். லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போட ஏலாது. நானும் நிண்டு பாத்து வேலைக்குப் பிந்திப் போனன். பருத்தித்துறைக் கரையிலை வலை இழுக்கிறதைப் பாத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி அப்புவிட்டை வாங்கின அடி ஞாபகம் வந்தது. இஞ்சை அடிக்க ஆளில்லை. சம்பளத்திலை வெட்டுவாங்கள். அப்புவின்ரை அடி லாபம்.

சித்தப்பாவின்ரை மகன் மார்கழியிலை வாறானாம். நீங்கள் அனுப்புறன் எண்ட கருவாட்டை அவனிட்டைக் குடுத்துவிடுங்கோ. தபாலிலை போடாதேங்கோ அக்கா. வாசலிலை வைச்சிட்டுப் போயிடுவாங்கள், அந்தப் பெட்டிக்குப் பூட்டில்லை.

அன்புத் தம்பி