நமுத்தல்: ஒரு வினைச்சொல் ஆராய்ச்சி

மொறுமொறுப்பாக இருந்த பண்டம் காற்றின் ஈரத்தை வாங்கித் தன் மொறுமொறுப்பை இழப்பதை 'நமுத்தல்' என்னும் வினை குறிக்கிறது. சிலர் வழக்கில் இதுவே 'பதத்துப்போதல்'. இழக்க வேண்டுமானால் முதலில் இருந்திருக்க வேண்டும் என்பதால், இட்லி எத்தனை நாள் கிடந்தாலும் ஊசிப்போகுமேயன்றி நமுக்காது, உப்பு நீர்த்துப்போகும், பேக்கரி ரொட்டியோ, அதன் மாவுச்சத்து மறுபடி இறுகுவதால், எதிர்த்திசையில் போய் விறைத்துவிடும். நமுக்கும் தகுதி முறுக்கு, அப்பளம், மிக்சர் போன்றவற்றுக்கே உண்டு. இவற்றில் நீர் மிகக் குறைவாதலால் மாவுச்சத்து கண்ணாடிபோல் இறுகி நின்று, கடித்ததும் சட்டென உடைந்து ஓசை எழுப்புகிறது. ஈரம் புகுந்தால் அந்த இறுக்கம் நெகிழ்ந்து ஓசை அடங்கிவிடும். அடுத்த அறைக்குக் கேட்காமல் ஒருவரால் முறுக்குத் தின்ன முடிந்தால், அது நமுத்துவிட்டது என்று துணியலாம்.

இலக்கண நோக்கில் இவ்வினை பெரும்பாலும் 'போ' என்னும் துணைவினையோடு சேர்ந்து 'நமுத்துப்போச்சு' என்றே வரும். 'நமுத்தேன்' என்று தன்மையில் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. அதைவிட முக்கியமானது, ஒருவர் செய்விப்பதைக் காட்டும் பிறவினை வடிவம் இதற்கு வழக்கில் இல்லாமை. கண்ணாடி உடைந்தால் 'உடைச்சது யாரு?' என்று அதே வினையைக் கொண்டே கேட்டுவிடலாம். முறுக்கு நமுத்தால் அது இயலாததால், விசாரணை 'டப்பாவ மூடாம வச்சது யாரு?' என்று வேறொரு வினைக்குத் தாவ வேண்டியிருக்கிறது, அந்த இடைவெளியில் குற்றவாளி கூடத்தைக் கடந்துவிடுகிறார். மூடி மூடாதோர்க்குத் தமிழ் செய்த இப்பேருதவி போதிய அளவு போற்றப்படவில்லை.

இவ்வினைக்கு உரிய மாதம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் ஒன்றாக வருவதால், பலகாரமும் பட்டாசும் ஒரே வாரத்தில் நமுக்கின்றன. தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்புப் பாஸ்பரஸ் பட்டையும் ஈரத்தில் ஊறி, உரசினால் பொறிக்குப் பதில் உரிந்து வருகிறது. பட்டாசின் வழியாகவே சொல்லின் பொருளும் விரிந்திருக்க வேண்டும். மாவட்டமே அதிரப்போகிறது என்று கட்சிக்குள் கிளம்பிய கலகம், தலைவர் வீட்டுக் காபியோடும் பொன்னாடையோடும் முடிந்தால், அதுவும் நமுத்துப்போன வெடிதான்.

பரிகாரம் பண்டத்துக்குப் பண்டம் வேறுபடும். வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினால் முறுக்கு ஓரளவு மீளும். பட்டாசுக்கு வெயில் மட்டுமே உண்டு, வாணலிப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. கலகக்காரரோ அடுத்த சீட்டுப் பங்கீடு வரை காத்திருக்க வேண்டும்.