லோடர் பெருமானுக்கு ஒரு வாழ்த்து

நிரல் ஓடும்போது அதற்கு வேண்டிய நூலகங்களைத் தேடிச் சேர்க்கும் லினக்ஸின் லோடர் பெருமானே, சொன்ன சொல்லில் நிற்பவர் என்றால் நீர்தான். எங்கள் அரக்கோணத்தில் உமக்கு ஈடாக ஒருவர் இல்லை.

ஜங்ஷனில் தப்பான பிளாட்பாரத்தில் நின்று திருத்தணி வண்டியைக் கேட்டால், டீ விற்கிற பையன்கூட "இங்க இல்லண்ணா, அந்தப் பக்கம்" என்று கைகாட்டிவிடுவான். உமக்கு அந்தப் பலவீனம் கிடையாது. நீர் பார்க்கிற பிளாட்பாரத்தில் வண்டி இல்லையா, திருத்தணி என்றொரு ஊரே இல்லை என்று கணக்கை முடித்துவிடுவீர்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை மூலநிரலிலிருந்து கட்டியவர்களைக் கேட்டால் உம் பெருமை பாடுவார்கள். அதன் லிப்பிக்யூ நூலகம் யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்க்யூஎல்/லிப் அடைவில் சட்டமாக உட்கார்ந்திருக்கும். பிஜி-கான்ஃபிக் வழிகாட்ட, பைத்தானின் சைகோபிஜி2 தொகுதி சுபமாகக் கட்டி முடியும். பிப்பும் வெற்றி என்று மங்களம் பாடிவிடும். அப்புறம் இம்போர்ட் என்று ஒரு வரி அடித்தால் நீர் எழுந்து, "லிப்பிக்யூ டாட் எஸ்ஓ டாட் 5: அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை" என்பீர். தாலி கட்டி, பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளையைப் பார்த்து "நீங்க யார் வீட்டு ஆளு?" என்று கேட்கிற நெஞ்சுரம் வேறு யாருக்கு வரும்?

திருத்தணி மலைக்கு 365 படி என்று ஏறும்முன்பே தெரியும். நீரோ ஒரு படி ஏறினால்தான் அடுத்த படியைக் காட்டுவீர். காணாத நூலகம் நாலு இருந்தாலும் ஒன்றின் பெயரைத்தான் சொல்வீர். அத்தனை அடக்கம்! உம் சொந்தக்காரர் எல்டிடி ஒரு ஓட்டைவாய். தொகுதியின் எஸ்ஓ கோப்பைக் கையில் கொடுத்தால் போதும், இல்லாததையெல்லாம் வரிசையாக ஒப்பித்துவிடுவார்.

எல்டி லைப்ரரி பாத் மாறியில் வழி எழுதிக் கொடுத்தால், டெர்மினலை மூடும்வரை நன்றி மறக்கமாட்டீர். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இம்போர்ட் உள்ள ஸ்கிரிப்டை கிரான் ஓட்டும்போது முன்பின் பார்த்தறியாதவர் ஆகிவிடுவீர்.

உமக்குப் பிடித்தது பதிவேடு. ஈடிசியில் எல்டி டாட் எஸ்ஓ டாட் கான்ஃப் டாட் டி அடைவுக்குள் ஒரு கோப்பு, அதில் நூலகம் இருக்கும் அடைவின் பெயர் ஒரு வரி. பிறகு ரூட்டாக எல்டிகான்ஃபிக். கேஷில் பெயர் ஏறியதும் முகம் மலர்வீர். உயிர்ச்சான்று கொடுக்காத பென்ஷன்தாரர் எதிரில் நின்று கும்பிட்டாலும் செத்தவர்தானே!

அந்த ஒரு வரியும் எழுதியாயிற்று, இம்போர்ட்டும் ஓடிவிட்டது. லிப்பிக்யூ நேற்று இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.