கேட் கலரும் வண்டி கலரும்: மடவார் வளாக வட்டாரத்துக் கைப்பூச்சு வண்டிகள் பற்றிய ஓர் ஆய்வு

வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது பட்டறை வேலை என்னும் கருத்து ராஜபாளையம் தொட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வேரூன்றிக் கிடக்கிறது. கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வைத்திருப்போர் பரப்பிய கருத்து இது என ஐயுற இடமுண்டு. வரலாறு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் சுவாமி ஏறிவரும் மரக்குதிரைக்கும் மரக்காளைக்கும் காலங்காலமாகத் தூரிகைதான் வர்ணம் கொடுத்தது. மேலைநாட்டிலும் தொடக்க காலக் கார்கள் கையால் பூசப்பட்டவையே. கோட் மேல் கோட்டாக அடித்துக் காயவைத்து வெளியே விட வாரக்கணக்கில் ஆனது. 1923இல் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ பெயிண்ட் வந்த பிறகே விசிறியடிக்கும் கலாச்சாரம் தலையெடுத்தது. ஆக, வீட்டு வாசலில் நாலு செங்கல்லின் மேல் டிவிஎஸ் ஃபிஃப்டியை ஏற்றிவைத்து, பிரஷும் கையுமாகக் குந்தியிருப்பவர் மரபைக் காப்பவர். அவர் வீட்டார் இதை ஏற்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வாகனத் தொடர்பு புதிதல்ல. வைத்தியநாத சுவாமி அருளால் வயிற்றுவலி தீர்ந்த திருமலை நாயக்கர், ஏறிவந்த பல்லக்கைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டு மதுரைக்கு நடந்தே போனார் என்று தலவரலாறு சொல்லும். ஆர்.சி. பெயர் மாற்றிய விவரம் கிடைக்கவில்லை.

இனி ஆய்வின் மையக் கருத்துக்கு வரலாம். கைப்பூச்சு வண்டியின் நிறத்தை உரிமையாளர் தேர்ந்தெடுப்பதில்லை; வாசல் கேட்டே தேர்ந்தெடுக்கிறது. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடியைத் தாண்டும். கம்பி கேட்டுக்கு அவ்வளவு எதற்கு? பொங்கலுக்குக் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்த பின் டப்பாவில் மிச்சம் நிற்கும். மிச்சத்தைக் கண்டால் வீட்டு ஆணின் கண் வண்டி மேல் போகும். வண்டிக்கென்றே பெயிண்ட் வாங்கியவரை இந்த வட்டாரத்தில் காண்பது அரிது. பச்சை கேட் வீட்டின் முன் பச்சை மொபெட். அடுத்த வீட்டில் காப்பிக்கொட்டை நிறத்தில் இரண்டும்.

கேட் கலர் மாறும்போதெல்லாம் வண்டி கலரும் மாறியாக வேண்டும். எனவே பழைய வண்டி ஒன்றின் மட்காட்டைச் சாவியால் சுரண்டினால், குடும்ப வரலாறு அடுக்கடுக்காக வெளிப்படும். இதே மாவட்டத்தின் வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வுக்காகக் குழி தோண்டி மண்ணடுக்கு பார்த்தார்கள். இங்கே சாவி போதும். மேலே நீலம், அதன் கீழ் பாக்கு நிறம், அதற்கும் கீழ் மூத்த மகள் கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது வந்த வெளிர்மஞ்சள், அடியில் ரெட் ஆக்சைடு. ரெட் ஆக்சைடு இல்லாமல் நேராகத் துரு தென்பட்டால் அது அவசரக் காலம். பட்டி பார்க்காமல், உப்புத்தாள் போடாமல் ஆயுத பூஜைக்கு முந்தின ராத்திரி அடித்தது.

அறிஞர்கள் மூன்று கட்சி. பிரஷ் கட்சியார், சந்துபொந்தெல்லாம் போகும் என்பர். பிரஷ் முடி உதிர்ந்து டேங்கில் நிரந்தரமாகக் குடியேறுவதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். ரோலர் கட்சி பிற்காலத்தது. சுவருக்கு உருட்டும் பெரிய ரோலர் உதவாது. சின்ன ஸ்பாஞ்ச் ரோலர் வேண்டும். டர்பெண்டைன் கலந்து எனாமலை நன்றாக இளக்கி, மெல்லிசாக உருட்டி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் தேய்த்து, மறுபடி உருட்டினால் பட்டறைக்காரரே நின்று பார்ப்பார். இவ்வளவு பொறுமை உள்ளவர் ஏன் கேட் பெயிண்டை அடிக்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது. கெட்டியாக ஒரே கோட்டில் முடிப்பவர்க்குப் பெயிண்ட் வடிந்து, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விழும். மண்ணெண்ணெய் கலப்போர் மூன்றாவது கட்சி. அவர்கள் வண்டியில் பளபளப்பைத் தேட வேண்டாம். பழைய எனாமல் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை ஏற்றுவோரைக் கட்சியில் சேர்ப்பதே இல்லை. அடியிலுள்ளது சுருங்கிக் கொப்பளித்துவிடும்.

ரசாயனம் பற்றி ஒரு சொல். எனாமல் காய்வது வெறுமே ஆவியாகி அல்ல. டர்பெண்டைன் பறந்த பின் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அதனால்தான் மூடி சரியாகப் போடாத டப்பாவில் பாலாடை மாதிரி ஏடு படியும். 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. ஏட்டை எடுத்து எறிய வேண்டும். இங்கோ பால் பழக்கத்தில் உள்ளே கிண்டிவிடுகிறார்கள். கட்டி கட்டியாக மட்காட்டில் ஒட்டுகிறது. பருவமும் கைகொடுக்காது. ஆடியில் மேற்குமலைக் காற்று புழுதியை ஈரப் பெயிண்டில் அப்பும். மில் பக்கத்துத் தெருவானால் பஞ்சும் சேரும். மார்கழி ராத்திரியில் திருப்பாவைக்கு எழும் முன் அடித்து முடிக்கலாம் என இறங்கியவர் வண்டி, பனி விழுந்து விடியும்போது பூத்துப் போயிருக்கும்.

சட்டம் எளிது. நிறம் ஆர்.சி.யில் உள்ளது, மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். கேட் அடித்தேன், மிச்சம் இருந்தது என்ற விளக்கம் செல்லாது. மிச்ச மஞ்சளையும் மிச்சக் கறுப்பையும் கலக்குவோர் கூடுதல் கவனம் கொள்க: அது ராணுவப் பச்சை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி அந்நிறத்தை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டது.

இவை எல்லாவற்றையும் விடக் கைப்பூச்சைக் கெடுப்பது விரல். ஈர வண்டியைக் கடக்கும் எவரும் “காஞ்சிருச்சா அண்ணாச்சி?” என்று கேட்கிறார்கள். கேள்விக்குப் பதில் வருமுன் ஆள்காட்டி விரல் டேங்கில் பதிந்துவிடுகிறது. காயவில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் இன்னொரு இடத்தில் வைத்து உறுதி செய்கிறார்கள். பிறகு அந்த விரலைச் சீட்டில் துடைக்கிறார்கள். வாசகர்கள் தயைகூர்ந்து ஒரு நாள் முழுக்கப் பொறுக்க வேண்டும். அதற்குள் தொட்டே தீர வேண்டுமென்றால் நம்பர் பிளேட்டைத் தொடுங்கள், அதற்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை.