கைக்கடிகாரச் சுங்கத் திணையியல்: பினாங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய கைக்கடிகாரத்தைக் கடல்கடந்து விற்பது அகத்திணையா புறத்திணையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. இதுவரை யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை என்பதே காரணம். பொருள்வயிற் பிரிவு என்றால் தலைவன் பொருள் தேடிப் போவது என்றுதான் உரைகாரர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பொருள் கிளம்பிப் போய்விட, தலைவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை கைத்தொலைபேசியைத் தடவும் நிலைக்கு இலக்கணம் இல்லை. அந்தக் குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

களம் பினாங்கு, ஜார்ஜ் டவுன். ஆய்வாளரின் வீடு இங்கே இருப்பதால் பயணச் செலவு இல்லை என்பது முதற்காரணம். தகுதியான காரணமும் உண்டு. 1786ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய நாள்தொட்டு இது சுங்கமில்லாத் துறைமுகம் என்றே பெயர் பெற்றது. அந்தத் தகுதி 1969ல்தான் பறிபோனது. ஆகவே வரி என்றதும் முகம் சுளிப்பது இவ்வூரில் பரம்பரைக் குணம் என்று கொள்ளலாம்.

கடிகாரத்துக்கும் சுங்கத்துக்கும் இங்குள்ள உறவுக்குக் கட்டடமே சாட்சி. வெல்ட் கீயில் உச்சியில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் விஸ்மா கஸ்தாம், 1907ல் ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. தீவில் அன்று ரயில் ஓடவில்லை. பயணிகள் இங்கே டிக்கெட் வாங்கி, படகேறி அக்கரைக்குப் போய், அங்கே ரயில் பிடித்தார்கள். தண்டவாளம் இல்லாத அந்த ரயில் நிலையம் பின்னாளில் சுங்கத்துறையின் பெயரைச் சூடிக்கொண்டது. கொஞ்சம் தள்ளி, விக்டோரியா மகாராணி அறுபது ஆண்டு ஆண்டதற்காக 60 அடி உயரத்தில் ஒரு மணிக்கூண்டு. செலவு சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தருடையது. வேலை முடிந்தது 1902ல். மகாராணி 1901லேயே காலமாகிவிட்டார். பெறுநர் போய்ச் சேர்ந்த பிறகு போய்ச் சேர்ந்த கடிகாரம் என்ற வகையில், தாமதமாகும் பார்சல்களுக்கெல்லாம் இதுவே முன்னோடி. விற்பவர்கள் வாங்குபவருக்கு எழுதும் சமாதானக் கடிதங்களில் இதை மேற்கோள் காட்டலாம்.

இனி ஆய்வுப்பொருள். லோரோங் குலிட் பழஞ்சந்தையில், துருப்பிடித்த ஸ்பேனருக்கும் தலையில்லாத பொம்மைக்கும் நடுவில் கிடைத்த ஒமேகா சீமாஸ்டர். 1962ஆம் ஆண்டுத் தயாரிப்பு, தானியங்கி, 24 கல். அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டிருக்கும் ரிப்பேர்க்கார அண்ணன் கண்ணில் குழாய்க் கண்ணாடியைச் செருகி, பின்மூடியைத் திருகித் திறந்து, “மெஷின் ஒரிஜினல் தம்பி, முள்ளுதான் மாத்திருக்கு” என்றார். முகப்பில் ஒன்பதாம் மணிப் புள்ளிக்குப் பக்கத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. சாதாரண மனிதர் இதை அழுக்கு என்பார். சேகரிப்பவர் இதற்குத் தனியாக 200 டாலர் தருவார்.

இதன் விலை என்ன என்பது எளிய வினா அன்று. மனைவியிடம் சொன்ன விலை, கோப்பிக் கடை நண்பர்களிடம் சொன்ன விலை, காப்புறுதிக்குச் சொல்லும் விலை, வாங்குபவரிடம் கேட்கும் விலை, சுங்கப் படிவத்தில் எழுத நினைக்கும் விலை என ஐந்து உண்டு. முதலாவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இது மேலும் ஆராயத்தக்கது.

முதல், கரு, உரி என்ற வரிசையில், முதற்பொருளாகிய களம் மேலே சொல்லப்பட்டது. கருப்பொருள்: கே2 ஏற்றுமதிப் படிவம், அஞ்சல் வழி என்றால் சிஎன் 23, குமிழ்த்தாள், பழுப்பு ஒட்டுநாடா, எதை எழுதினாலும் நிமிர்ந்து பார்க்கும் முகப்புப் பணியாளர். உரிப்பொருள் நாட்டுக்கு நாடு மாறும். ஹாங்காங் குறிஞ்சி. சுங்கவரியும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. பார்சல் போகிறது, கையில் ஏறுகிறது. புணர்தல் உடனே நிகழ்வதால் எழுத எதுவும் இல்லை. பிரிட்டன் முல்லை. 20 விழுக்காடு வாட் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்வரை அங்குள்ளவர் வாசலைப் பார்த்து இருத்தல். இந்தியா நெய்தல். 2025ஆம் ஆண்டுக் கணக்கில், வணிகர் வரவழைத்தால் அடிப்படை வரி 20 விழுக்காடு, அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநல மேல்வரி, சரக்கின் விலையோடு இரண்டையும் கூட்டி வந்த தொகையின் மேல் 18 விழுக்காடு ஐஜிஎஸ்டி. 100 ரூபாய்ச் சரக்கு ஏறத்தாழ 144 ரூபாயாகக் கரை சேரும். வரிக்கு வரி என்ற இந்த அமைப்பை அந்தாதி என்பாரும் உளர். இரங்கல் மட்டும் உறுதி. பாலையாவது பார்சல் எந்த நாட்டிலும் இல்லாத நிலை. சொல்வதற்கில்லை.

விரித்துரைக்க வேண்டியது மருதம், அதாவது அமெரிக்கா. ஊடலுக்குக் காரணம் கடிகாரத்தின் பிறப்பு. பினாங்கில் வாங்கி, பினாங்கில் துடைத்து, பினாங்கு மழையில் நனையாமல் காப்பாற்றி அனுப்பினாலும் அமெரிக்கச் சுங்கம் அதை மலேசியக் கடிகாரமாக ஏற்காது. உள்ளே இருக்கும் இயந்திரம் எந்த நாட்டில் பிறந்ததோ அதுவே அதன் ஊர். 2025 ஆகஸ்டில் மலேசியச் சரக்குக்கு 19 விழுக்காடு, சுவிஸ் சரக்குக்கு 39 விழுக்காடு கூடுதல் வரி நடைமுறைக்கு வந்தது. சுவிஸில் பிறந்த 2,000 டாலர் ஒமேகாவுக்கு 780 டாலர். லோரோங் குலிட்டில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதற்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. இயந்திரமும் மலேசியாவிலேயே செய்த சீக்கோ 5க்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அதே மாதம் 29ஆம் தேதியோடு 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த விலக்கும் போயிற்று. பல நாட்டு அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்கப் பார்சலை வாங்குவதையே சில காலம் நிறுத்தின. நவம்பரில் சுவிஸ் வரியை 15ஆகக் குறைக்க உடன்பாடு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் “வரி யார் கட்டுவது?” என்று வாங்குபவராகிய ஓஹியோ தலைவியும் விற்பவராகிய பினாங்குத் தலைவனும் பிணங்க, கூரியர் நிறுவனம் வாயிலாக நின்று இரண்டு பக்கமும் கட்டணம் வாங்கியது. வாயில் காசு வாங்குவது பழைய மரபில் இல்லை.

அமெரிக்கச் சுங்கத்துக்குக் கடிகாரம் ஒரே பொருளும் அன்று. இயந்திரம் தனி, கூடு தனி, வார் தனி, மின்கலம் இருந்தால் அதுவும் தனி. கற்களையும் எண்ணுவார்கள். இவை அச்சு தேயாமலிருக்கப் பதிக்கும் செயற்கை மாணிக்கங்கள், தோடு செய்ய உதவாதவை. 1930ஆம் ஆண்டுச் சட்டம் 17 கல்லுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு 10 டாலர் 75 சென்ட் வரி விதித்தது. மலிவுக் கடிகாரம் ஒன்றை முழுசாக வாங்க அன்று அந்தக் காசு போதும். சுவிஸ்காரர்கள் அமெரிக்காவுக்கு 17 கல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். கடிகாரத்தில் எத்தனை கல் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தவர் பொறியாளர் அல்லர், சுங்க அதிகாரி என்பது இதனால் பெறப்படும். நம் வீடுகளில் கிடந்த எச்எம்டி ஜனதாவும் 17 கல்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டென நிறுவ முயன்று ஆய்வாளர் கைவிட்டார்.

வரியைத் தவிர்க்க வாங்குபவர் சொல்லும் வழி ஒன்று உண்டு. படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்ற கட்டத்தில் டிக் போடச் சொல்வார். முகம் பார்த்திராத ஒருவருக்குப் பினாங்குத் தமிழர் ஒமேகா அன்பளிப்பாகத் தருவதை எந்த அதிகாரியும் நம்பமாட்டார் என்பது ஒருபுறம். பிரிட்டன் 39 பவுண்டுக்கு மேற்பட்ட அன்பை அன்பாகவே கருதுவதில்லை என்பது இன்னொரு புறம். இவற்றைவிட வலுவான தடை நம் மரபில் இருக்கிறது. நாம் மொய் எழுதும் சனம். கொடுத்தவர் பெயர், ஊர், தொகை மூன்றையும் நோட்டில் ஏற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்து, திருப்பிச் செய்யும்வரை நினைவில் வைத்திருப்போம். மதிப்பைக் குறைத்துச் சொல்லி அன்பளிப்புத் தருவது தமிழருக்கு இயலாத காரியம். கூட்டித்தான் சொல்வோம்.

வார் பற்றி ஒரு குறிப்பு. முதலைத் தோலில் செய்திருந்தால் அது அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வரும். அனுமதிப் பத்திரம் இல்லாவிட்டால் பறிமுதல். எனவே விவரமறிந்தவர்கள் வாரைக் கழற்றிவைத்துக்கொண்டு தலையை மட்டும் அனுப்புகிறார்கள். வாருக்கு உடன்போக்கு இல்லை.

வரியைத் தவிர்க்க, முற்றிலும் சட்டப்படியான இன்னொரு வழியை இவ்வாய்வு கண்டுள்ளது. உலகச் சுங்க அட்டவணையில் கடிகாரத்துக்கு 91ஆம் அத்தியாயம். நூறு வயது தாண்டிய பொருளோ தொல்பொருளாகி 97ஆம் அத்தியாயத்துக்கு மாறிவிடும். அங்கே பல நாடுகள் கைவைப்பதில்லை. 1962ல் பிறந்த நம் சீமாஸ்டர் 2063ல் தகுதி பெறும். இதை ஓஹியோக்காரருக்கு எழுதி, அதுவரை பொறுக்க இயலுமா என்று கேட்டோம். பொறுக்கிறேன், ஆனால் அவ்வளவு பழையதென்றால் விலையைக் குறைக்கவேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.